இடியாப்பக் கடைக்குப் பின்னாலிருந்த பெஞ்சு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி கேட்டார்கள். அடுத்த வாரம் உங்கள் முதல் ஹேக்கத்தான். இரண்டு நாள் அன்றாட வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, யாருக்கு என்ன தோன்றுகிறதோ அதைக் கட்டிப் பார்ப்பீர்கள். அப்படிப் பிறந்து பெரிதாக வளர்ந்த வசதிகளைப் பற்றி உற்சாகமாக நாலு பக்கம் எழுதினால் போதும் என்றார் கேட்டவர். அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒன்றைப் பற்றித்தான் எழுத வருகிறது. அது வளரவில்லை. ஒரு வியாழன் மதியம் தொடங்கி மறுநாள் மதியத்துக்குள் முடிந்துபோனது.

பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். தேதி, கிழமை, மழை பெய்ததா, யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள். என்னோடு வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். "அக்காகிட்ட பாத்துப் பேசு, தேதி போட்டு வச்சுக்குவாங்க" என்று கேலி செய்வார்கள். ஆனால் இந்தச் சம்பவத்துக்குத் தேதி எழுதப் போவதில்லை. ஆண்டும் சொல்ல மாட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏற்கெனவே ஒருமுறை கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பெண்ணை இன்னொரு முறை கண்டுபிடிக்க நான் வழிசெய்யக் கூடாது.

ஓய்வுபெறும்வரை நான் பார்த்த வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கட்டிய ஒன்றை ஆட்கள் பார்க்கலாமா கூடாதா என்று முடிவு சொல்வது. அதனால் யாருக்காவது கெடுதல் வருமா, ஒருவருடைய விவரம் போகக் கூடாத இடத்துக்குப் போகுமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது. அதற்கு முன்னால் பதினெட்டு ஆண்டு, கடலுக்கு அக்கரையில் இருக்கும் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை செய்தேன். அங்கே கெட்டுப்போன பொருளைச் சிவப்புப் பெட்டியில் போடுவோம். மாலையில் பெட்டியைப் பார்த்தால் அன்று என்ன தவறியது என்று தெரிந்துவிடும். இந்த வேலையில் அப்படி ஒரு பெட்டி கிடையாது. தவறியது எங்கேயோ நடந்து போய்க்கொண்டிருக்கும். நமக்குத் தெரியவே தெரியாது.

அப்போது எங்கள் சமூக ஊடக நிறுவனத்தின் அலுவலகம் தீவில், ஜார்ஜ்டவுனில், ஒரு கட்டடத்தின் இரண்டு மாடிகளில் இருந்தது. மேல்மாடியில் நிரந்தர ஊழியர்களாகிய நாங்கள். கீழ்மாடியில் ஒப்பந்த ஊழியர்கள். மக்கள் புகார் செய்யும் பதிவுகளை நாள் முழுதும் பார்த்து, இது இருக்கலாம், இதை நீக்கு என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை. கைப்பேசியை அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தமிழ்ப் பதிவுகளைப் பார்த்த மேசையில் மாலதி இருந்தாள். சேர்ந்த முதல் வாரமே என்னைத் தேடி மேலே வந்தாள்.

"அக்கா, ஸ்டாஃப் லிஸ்ட்ல என் பேர் வராம செய்ய முடியும்னு சொன்னாங்க."

"முடியும். ஏன்மா?"

"என் வீட்டுக்காரர் தேடிக்கிட்டு இருக்கார்."

அவள் கணவன் அக்கரையில், பிறையில், லாரி ஓட்டுகிறவன். ஏழு வயது மகளின் பள்ளிப் பையில் துணிகளை அடைத்துக்கொண்டு ஃபெரிப் படகு ஏறித் தீவுக்கு வந்து, சுங்கை பினாங் அடுக்குமாடி ஒன்றில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தாள். பேசும்போது வலது கையை மேசைமேல் வைத்து நீட்டிக் காட்டினாள். "இதுக்கு மேல நீளாதுக்கா" என்றாள். முழங்கைக்கு அருகில் இரண்டு முறை உடைந்து, சரியாகச் சேராத எலும்பு.

அவளுக்கு எந்தச் சமூக ஊடகத்திலும் கணக்கு இல்லை, எங்களுடையதிலும் இல்லை. மற்றவர்கள் போடுவதைப் படித்துச் சம்பாதித்தாள். அன்றைக்கே ஊழியர் பட்டியலில் அவள் பெயருக்கு மறைப்புக் குறி போட்டேன். பட்டியலை யார் எப்படித் தேடினாலும் அவள் வரமாட்டாள். மூன்று விதமாகத் தேடிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு அவளிடம் சொன்னேன். அந்த வேலையைச் சுத்தமாகச் செய்தேன் என்ற பெருமை எனக்கு வெகுநாள் இருந்தது.

இதற்குச் சில மாதம் கழித்து வந்தது அந்த ஹேக்கத்தான். எங்கள் ஊர் வழக்கப்படி பகலில்தான் நடத்துவோம். வியாழன் காலை ஒவ்வொரு குழுவும் தன் யோசனையைச் சொல்ல வேண்டும், மதியச் சாப்பாட்டோடு வாக்களிப்பு தொடங்கும், வெள்ளி மாலை முடிவு.

யூசுப் என்ற இளைஞன் ஒரு குழுவுக்குத் தலைவன். கெட்டிக்காரன், அதிகம் பேசமாட்டான். அவன் தந்தை ஒரு சாப்பாட்டுக் கடையில் முப்பது ஆண்டு ரொட்டி சானாய்க்கு மாவு வீசியவர். அதற்கு முந்தைய ஆண்டு இறந்துபோயிருந்தார். யூசுப் மேடையேறி, எழுதி வைத்திருந்ததைப் படிக்காமல், இப்படித் தொடங்கினான்.

"எங்க அத்தாவுக்கு நல்ல படம் ஒண்ணுகூட இல்ல. ஐசி கார்டு படம் ஒண்ணு, யார் கல்யாணத்துலயோ பாதி முகம் ஒண்ணு. ஆனா அந்தக் கடைக்கு டெய்லி டூரிஸ்ட் வர்றாங்க. படம் எடுக்கிறாங்க. அத்தா பின்னாடிதானே நின்னிருப்பாரு?"

பிறகு திரையில் ஒரு படம் வந்தது. சிவந்த முகத்தோடு ஒரு வெள்ளைக்காரர் வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால், மாவு காற்றில் விரிந்திருக்க, ஒரு மெலிந்த மனிதர் யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். அடுத்த படம், அதற்கடுத்தது. யாரோ எங்கோ எடுத்து எல்லாரும் பார்க்கும்படி போட்ட படங்களின் ஓரத்திலெல்லாம் அவன் தந்தை இருந்தார்.

"இவ்வளவு சிரிப்பாருன்னு எனக்குத் தெரியாது" என்றான் யூசுப். கூடம் முழுவதும் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அவன் கட்டியது அதுதான். ஒருவருடைய முகத்தைக் கொடுத்தால், உலகம் பொதுவில் போட்ட படங்களின் பின்னணியில் அந்த முகத்தைத் தேடித் தரும்.

நான் ஏன் அன்று இளகினேன் என்பதையும் எழுத வேண்டும். விடுமுறை நாட்களில் நான் இந்தத் தீவின் பழைய படங்களைத் திரட்டுகிறவள். துறைமுகப் படங்கள் என்னிடம் நிறைய உண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் கப்பலின் பெயர் இருக்கும், முன்னால் தொப்பியோடு நிற்கும் துரையின் பெயர் இருக்கும். பின்னால் மூட்டையோடு குனிந்து நிற்கும் தமிழர்களுக்குப் பெயர் இருக்காது. அவர்களில் ஒருவருக்காவது பெயர் கண்டுபிடிக்க வேண்டும் என்று பல ஆண்டு பழைய கூலிப் பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறேன். மூன்று பேருக்குத்தான் முடிந்தது. பின்னால் நிற்பவரை முன்னால் கொண்டுவரும் ஒரு கருவியை ஓர் இளைஞன் தன் தந்தைக்காகக் கட்டியிருக்கிறான். அதற்கு முட்டுக்கட்டை போடும் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை.

பன்னிரண்டு மணி தாண்டி யூசுப் படிவத்தோடு என் மேசைக்கு வந்தான். வெள்ளி மாலை வரை ஊழியர்கள் அதைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். உணவறையின் பெரிய திரையில், 'இன்று கிடைத்தவர்கள்' என்று ஊழியர்களின் பின்னணிப் படங்கள் ஓட வேண்டும். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வந்துவிடும். அதற்குள் ஒப்புதல் இல்லையென்றால் போட்டியில் இல்லை.

"ஸ்டாஃபுக்கு மட்டும்தான்க்கா. வெளி ஆள் ஒருத்தருக்கும் போகாது."

"பேர் மறைச்சு வச்சிருக்கிறவங்க?"

"எடுத்தாச்சு. அந்த மார்க் இருக்கிற யாரும் இல்ல. அதுவும் திரையில பேரே வராது, படம் மட்டும்தான்."

"வேணாம்னு சொல்றவங்க?"

"காலையிலயே எல்லாருக்கும் மெயில் போட்டாச்சு. வேணாம்னா ஒரு கிளிக். நாலு பேர் வேணாம்னாங்க, எடுத்துட்டோம்."

நல்ல பதில்கள். எல்லாம் உண்மை. பன்னிரண்டு இருபத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். அன்றைய நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: 'யூசுப்பின் தந்தை சிரிக்கும் படம். மழை இல்லை. ஒப்புதல் 12.22.'

நான் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. தேடுவதற்கான முகம் எங்கிருந்து வருகிறது?

ஊழியர் பட்டியலில் இருக்கும் படங்களிலிருந்து என்று நானாக எண்ணிக்கொண்டேன். அந்தப் பட்டியலில் பாதிப் பேர் படமே வைப்பதில்லை. சிலர் பூனைப் படம் வைத்திருப்பார்கள். அதனால் யூசுப்பின் குழு, கட்டட வாயிலில் அட்டையைக் காட்டும்போது ஒளிரும் நுழைவு அட்டைப் படங்களை எடுத்துக்கொண்டது. நேராகப் பார்க்கும் முகம், நல்ல வெளிச்சம், ஒருவர் விடாமல் எல்லாருக்கும் உண்டு. மறைப்புக் குறி இருந்த பெயர்களை ஊழியர் பட்டியலைப் பார்த்துத்தான் நீக்கினார்கள். வாயில் எந்திரத்துக்கு என் குறி தெரியாது. அதில் ஆட்கள் பெயரால் இல்லை, அட்டை எண்ணால் இருந்தார்கள்; நீக்கிய பெயருக்கு உரிய முகம் அங்கே அப்படியே இருந்தது. கீழ்மாடிக்காரர்களும் அதில் இருந்தார்கள். அந்த மெயில் அவர்களுக்குப் போகவில்லை. ஒப்பந்த ஊழியர்களுக்கு ஹேக்கத்தானில் வாக்கும் கிடையாது. ஆகவே அவர்களை யாரும் நினைக்கவில்லை.

அன்று மதியம் முழுவதும் மற்றக் குழுக்களின் படிவங்களோடு என் மேசையிலேயே சாப்பிட்டேன். உணவறைப் பக்கம் போகவில்லை. அங்கிருந்து அவ்வப்போது சிரிப்பும், "அச்சோ" என்ற குரல்களும் வந்தன. யாரோ போகிற போக்கில் என்னிடம் சொன்னார்கள்: "அக்கா, அந்த அம்மாவும் பொண்ணும் பாத்தீங்களா? கியூட் லா." பிறகு பார்க்கலாம் என்றேன்.

சுங்கை பினாங்கில் ஓர் இடியாப்பக் கடைக்காரர் தினமும் காலையில் கடை திறந்ததும் ஒரு படம் எடுத்துத் தன் பக்கத்தில் போடுவார். ஆவி பறக்கும் தட்டு, தேங்காய்ப்பூ, பழுப்புச் சர்க்கரை. கடைக்குப் பின்னால் ஒரு சிமென்ட் பெஞ்சு. அதில் ஒரு பெண் பள்ளி வேனுக்காகக் காத்துக்கொண்டு மகளுக்குச் சடை பின்னுகிறாள். கருவி அந்தக் கடைக்காரரின் படங்களில் பலவற்றை வரிசையாக அடுக்கியிருந்தது. அதே பெஞ்சு, அதே நேரம், நீலப் பள்ளிச் சீருடை, வெவ்வேறு நாட்களின் ரிப்பன். அடியில் இடமும் மணியும். மேல்மாடியில் யாருக்கும் கீழ்மாடி முகங்கள் தெரியாது. அந்த வியாழக்கிழமை அதிக விருப்பம் வாங்கியது அந்த வரிசைதான்.

மறுநாள் பதினொரு மணிக்கு மாலதி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். மேலே நேற்றைய பொட்டலங்கள் மிச்சமிருக்கின்றன, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்று கீழ்மாடிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, அந்தத் திரையில நான் வர்றேன்."

எனக்குப் புரியவில்லை.

"பாப்பாவும் வர்றா. இடம், மணி எல்லாம் போட்டிருக்கு."

ஓடினேன். அந்த வரிசை ஒருமுறை முழுதாக ஓடி முடிவதற்குள் திரையின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். யூசுப் வந்தான், என் முகத்தைப் பார்த்தான், உட்கார்ந்து எல்லாவற்றையும் நிறுத்தினான். பிறகு மூவரும் என் மேசைக்கு வந்து அந்தக் கருவியின் பதிவேட்டைப் பார்த்தோம். யார் யார் கணக்கிலிருந்து அந்தப் படவரிசை திறக்கப்பட்டது, யாராவது சேமித்தார்களா, வெளியே அனுப்பினார்களா என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். எல்லாம் எங்கள் ஊழியர்கள். ஒன்றுகூட வெளியே போகவில்லை.

மாலதி பொட்டலத்தைக் கீழே வைக்காமலே நின்றிருந்தாள்.

"திங்கக்கிழமை பாப்பாவ வேன்ல ஏத்தணும். வேற எடத்துல போய் நிக்கவா? வீட்ட மாத்தணுமா? சொல்லுங்கக்கா, சொன்னா இப்பவே போறேன்."

வெளியூரிலிருந்து வரும் அதிகாரிகள் தங்குவதற்கு நிறுவனம் ஒரு வீடு வைத்திருந்தது. அந்த வாரம் அது காலி. நான் ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தால் அன்று மாலையே அவளையும் குழந்தையையும் அங்கே கொண்டுபோயிருக்கலாம். அந்த விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டியிருக்கும். காரணம் என்ற இடத்தில் நான் போட்ட ஒப்புதல் கையெழுத்து வரும். அந்த எண்ணம் என் முடிவில் கலக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். கலந்தது. எவ்வளவு என்று எனக்கே இன்றுவரை தெரியாது. ஆனால் பதிவேட்டை நான் நம்பினேன் என்பதும் உண்மை.

"தேவையில்லமா. எல்லாம் நம்ம ஆளுங்கதான் பாத்திருக்காங்க. வெளிய போகல."

"உறுதியாக்கா?"

"உறுதி. நானே பாத்துட்டேன்."

அவள் முகம் தெளிந்தது. அதுதான் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அழுதிருந்தாலும் திட்டியிருந்தாலும் இவ்வளவு நின்றிருக்காது. "நீங்க சொன்னா சரிக்கா" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனாள்.

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு அவள் மீண்டும் என் முன்னால் நின்றபோது கையில் மகளின் பள்ளிப் பை மட்டும் இருந்தது.

அவள் கணவன் சத்தம் போடவில்லை. கை ஓங்கவில்லை. காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்திருக்கிறான். கடைக்காரருக்கு வணக்கம் சொல்லியிருக்கிறான், அவரும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். "அப்பா ஸ்கூல்ல விடுறேன் வாடா" என்று குழந்தையைத் தூக்கிக் காரில் உட்காரவைத்திருக்கிறான். இவள் பிடித்து இழுத்தது பையைத்தான். போகும்முன் தன் கைப்பேசியை அவள் முகத்துக்கு நேராகக் காட்டியிருக்கிறான்.

"உங்க பேன்ட்ரி ஸ்க்ரீன்க்கா. பக்கத்துல தண்ணி மெஷின்கூட தெரியுது."

காவல் நிலையத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். அங்கே இருந்தவர் நல்லவராகத்தான் பேசினார். நீதிமன்ற உத்தரவு இல்லை, அவன் பெற்ற தகப்பன், குழந்தைக்குக் காயம் எதுவும் இல்லை, வழக்குப் போடுங்கள் என்றார். அவள் அதுவரை வழக்குப் போடாமல் இருந்ததற்குக் காரணம், மனுவில் முகவரி எழுத வேண்டும் என்பது. புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். சட்ட உதவி அலுவலகத்தில் அடுத்த மாதத்துக்கு நாள் கொடுத்தார்கள்.

அந்தப் படத்தை யார் எடுத்தது? பதிவேட்டில் நான் தேடியது கணக்குகளை. உணவறையில் இருந்தவை கண்கள். கீழே காவலரிடம் இருந்த வருகையாளர் ஏட்டைப் புரட்டினேன். வியாழன் பன்னிரண்டு நாற்பதுக்கு ஒரே ஒரு வெளியாள். பிறையிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலங்களை வேனில் கொண்டுவந்தவர். அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் மறைக்கவில்லை.

"ஆமாக்கா, நான்தான் அனுப்பினேன். அவன் வீடும் எங்க தாமான்லதான். மாசக்கணக்கா புள்ளயக் காணோம்னு பைத்தியம் மாதிரி திரிஞ்சான். பாவம் லா. சாப்பாடு அடுக்கும்போது பாத்தேன், அட நம்ம மாலதி. புள்ள நல்லா இருக்குன்னு அவனுக்குத் தெரியட்டும்னு போட்டேன். ஏன்க்கா, எதுவும் பிரச்சினையா?"

பிரச்சினை இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அவரிடம் என்ன சொல்வது? அவருக்கு நான் எந்த விதியைப் படித்துக் காட்டுவது?

இனி அறிக்கை. இப்படி ஏதாவது நடந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், உங்களுக்கும் அதைக் காட்டியிருப்பார்கள். பாதிப்பு எவ்வளவு பெரியது என்று தீர்மானிக்கும் கட்டம், 'பாதிக்கப்பட்ட கணக்குகளின் எண்ணிக்கை'. அதில் எழுத்து ஏறாது, எண் மட்டும்தான் ஏறும். என் மேலதிகாரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கல்நெஞ்சுக்காரர் இல்லை. மாலதிக்குச் சம்பளத்தோடு விடுப்பு வாங்கித் தர அந்த வாரம் முழுவதும் ஒப்பந்த நிறுவனத்தோடு சண்டை போட்டவர்.

"அந்தப் பெண்ணுக்கு நம்மிடம் கணக்கு இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை."

"மகளுக்கு?"

"ஏழு வயசு."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். நான் சுழியம் போட்டேன். குறிப்பு என்ற இடத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். சுழியம் போட்ட அறிக்கைகளின் குறிப்புகளை யாரும் திறந்து படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். கீழே என் பெயரைக் கையெழுத்திட்டேன். அது இன்னும் எங்கள் காப்பகத்தில், பாதிப்பு இல்லை என்ற வகையில் இருக்கும்.

யூசுப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டான். ஒரு மாலை என் மேசைக்கு வந்து உட்கார்ந்தான்.

"நீங்க முகம் எங்கருந்து வருதுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்க்கா."

குற்றம் சாட்டவில்லை, கேலியும் இல்லை. அவனுக்கே அப்போதுதான் அது தெரிந்ததுபோல் சொன்னான்.

"தெரியும்டா."

"இப்ப அத்தா படத்தைத் திறந்தா, அவருக்குப் பின்னாடி யார் நிக்கிறாங்கன்னுதான் பாக்கிறேன்."

அந்த ஆண்டு முடிவதற்குள் அவன் வேலையை விட்டான். ஹேக்கத்தானில் கட்டியது நிறுவனத்தின் சொத்து, கட்டியவன் அழிக்க முடியாது. அந்த யோசனை வேறொரு நாட்டு அலுவலகத்துக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். அங்கே அதைப் பார்க்கிறவர்களுக்கு அவன் தந்தையையும் தெரியாது, அந்தப் பெஞ்சையும் தெரியாது. நான் ஓய்வுபெறும்வரை என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். முகம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள் என்று எழுதலாம். அது இப்போது உங்கள் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி. நான்தான் சேர்த்தேன். திரை இருக்கும் அறைக்குள் யார் யார் வருகிறார்கள் என்பது பத்தாவது. அவற்றுக்கு நீங்கள் ஒழுங்காகப் பதில் எழுதுவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்த முறை கெடுதல் பதினோராவது கேள்வியில் வரும். அது இன்னும் படிவத்தில் இல்லை. அதை எப்படி முன்கூட்டிக் கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். யாராவது பயத்தோடு உங்கள் முன்னால் வந்து நின்று, ஓடட்டுமா என்று கேட்டால், ஓடு என்று சொல்லுங்கள். உங்கள் பதிவேடு என்ன சொன்னாலும் சரி. வீணாக வீடு மாற்றியவர்கள் உங்களைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து பதினோராம் நாள் மாலதி வந்தாள். நுழைவு அட்டையையும் அலமாரிச் சாவியையும் என் மேசைமேல் வைத்தாள். அவற்றை ஒப்பந்த நிறுவனத்திடம்தான் தர வேண்டும். எனக்குத் தெரியட்டும் என்று வந்தாள் போலும்.

"தினமும் ஃபோன்ல கூப்பிட வைக்கிறார்க்கா. பாப்பா ஒண்ணும் பேசமாட்டா. மூச்சு மட்டும் கேக்கும். நேத்து, அம்மா நீ எப்ப வருவேன்னு கேட்டா."

"அடுத்த மாசம் வக்கீல் பாக்கிறாங்கமா. அதுவரைக்கும் கொஞ்சம் பொறு."

"கேஸ் முடிய எவ்வளவு நாள் ஆகும்னு அங்க கேட்டேன். சீக்கிரம் முடிஞ்சா ஒரு வருஷம்னாங்க. அவளுக்கு ஏழு வயசுக்கா."

"அடிப்பான்."

"என்னைத்தானே அடிப்பார். நான் அங்க இல்லன்னா?"

நிறுவனத்தின் வீட்டைப் பற்றிச் சொன்னேன், வேறு ஊரில் வேலை பார்த்துத் தருகிறேன் என்றேன், குழந்தைகள் நல அலுவலகத்தில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். மரியாதைக்காகக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. என் வார்த்தையை ஒருமுறை நம்பிப் பார்த்தவள் அவள்.

அட்டையில் அவள் படம் மேலே பார்த்துக் கிடந்தது. அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்த மெஷின்ல இருக்கிற என் படத்தை எடுத்துடுவீங்களா?"

"எழுதிப் போடுறேன். கொஞ்ச நாள் வச்சிருப்பாங்கமா. அது விதி."

"சரி, இருக்கட்டும்" என்றாள். "இனிமே யார் தேடுறது?"

கிளம்பும்போது கதவருகே நின்று, "ஃபெரி இப்ப எத்தனை மணிக்குக்கா?" என்று கேட்டாள்.

வாரம் தவறாமல் அக்கரை போய் வருகிறவள் நான். அந்த நேரங்கள் எனக்கு மனப்பாடம். ஆனாலும் கைப்பேசியை எடுத்து, அன்றைய அட்டவணையை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் அவளுக்குச் சொன்னேன்.